மகள் ஓட்டத்துக்கு முந்தின நாள் நான் வைத்த கிடாவெட்டு

மம்சாபுரத்தில் என்னைத் தெரியாதவர் இல்லை. ஐந்தாவதோடு பள்ளியை விட்டு, மூட்டை தூக்கி, இன்று மூன்று டிராக்டர் வைத்திருக்கிறேன். என் மகள் செல்வி போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் பாஸாகிவிட்டாள். மிச்சம் ஓட்டம்தான். வயதுக் கணக்கில் அதுவே கடைசி வாய்ப்பு. பயிற்சியில் நானூறு மீட்டரை தினமும் நேரத்துக்குள் முடித்துவிடுவாள்.

முந்தின நாள் குலசாமிக்கு இரண்டு கிடா வெட்டி, ஊரையே கூப்பிட்டு, விடிய விடியப் பூசை வைத்தேன்.

"அப்பா, செத்த நேரம் ஒறங்கிக்கிடுதேன்" என்றாள் செல்வி.

"ஏட்டி, நான் ஒறங்காம ஒழச்சுத்தான் இம்புட்டும் சம்பாதிச்சேன். வந்தவிய கையில துன்னூறு வாங்கி நெத்தியில பூசு."

காலையில் மைதானத்தில் பாதி தூரம் முதல் ஆளாக ஓடினாள். பிறகு கால் எழவில்லை. மூன்று விநாடி தாமதத்தில் வேலை போனது. அழவில்லை. "ஒறக்கமா வருதுப்பா" என்று காரில் படுத்துக்கொண்டாள்.

போன மாதம் தம்பி மகளுக்கு ஓட்டம். "ஒம் மகளுக்கு ரெண்டு கிடா, எம் மகளுக்கு ஒண்ணுகூடக் கெடையாதாண்ணே?" என்றான் தம்பி.

"ஓடிட்டு வரட்டும்டா. பொறவு நாலு வெட்டுவோம்."

முந்தின நாள் சாயங்காலமே தம்பி வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாழ்த்த வந்த சொந்தங்களை, "புள்ள ஒறங்கட்டும்" என்று திருப்பி அனுப்பினேன். எங்கள் குடும்பத்தில் யாருக்கு ஓட்டம் என்றாலும் இனி இப்படித்தான். வந்தவர்களுக்கு டீ கொடுத்தது செல்வி. கிடா வெட்டிய அந்த ராத்திரியைப் பற்றி அவள் இதுவரை என்னிடம் பேசியதில்லை.