இரண்டு பக்கமும் தொடங்கும் புத்தகம்: போச்சம்பள்ளியில் ஒரு ஞாயிறு

ஓசூரில் நான் ஓவிய ஆசிரியை. நாற்பது பிள்ளைகளுக்குச் செலவில்லாமல் கையால் புத்தகம் செய்யக் கற்றுத்தர வேண்டும். நான் செய்து பார்த்ததெல்லாம் பிரிந்து வந்தது. போச்சம்பள்ளியில் கம்பெனி வேலை பார்க்கும் நர்கீஸ் என்பவர் பழைய அட்டைப்பெட்டியிலேயே அருமையாகச் செய்வதாகத் தோழி சொன்னாள். ஜனவரியில் ஒரு ஞாயிறு கிளம்பினேன்.

காலை 7.10க்கு பஸ். கிருஷ்ணகிரி ஐம்பது கிலோமீட்டர், ஐம்பது ரூபாய். அங்கிருந்து டவுன் பஸ், பெண்களுக்கு இலவசம். கண்டக்டர் "எஸ்டேட்டா, ஊரா?" என்றார். தெரியாமல் எஸ்டேட் என்றேன். இறங்கினால் தொழிற்பேட்டை, ஞாயிறு என்பதால் பூட்டிய கம்பெனி கேட்டுகள்தான். ஊருக்குள் போக ஆட்டோவுக்கு நூறு ரூபாய் அழுதேன்.

நர்கீஸிடம் இருந்தது மைதா பசை, அட்டை, ஒரு ஸ்டீல் ஸ்கேல். கத்திகூட இல்லை, தாளை லேசாக நனைத்து ஸ்கேலை வைத்துக் கிழித்தார். நீளத் தாளை விசிறி போல மடித்து, கரண்டி முதுகால் தேய்த்து, இரு முனையிலும் அட்டை ஒட்டினால் புத்தகம்.

அவர் செய்து வைத்திருந்தவற்றில் எழுத்தே இல்லை. படங்கள், பஸ் டிக்கெட், தக்காளி விதை, ஒரு சட்டைப் பொத்தான். எங்கே தொடங்குவது என்றே புரியவில்லை. நர்கீஸ் எதிரே உட்கார்ந்திருந்த கணவர் அன்வரைக் காட்டிச் சொன்னார்:

"ரெண்டு பக்கமும் தொடக்கந்தாங்க்கா. முன்பக்கம் என்னுது, பின்பக்கம் அவரோடது. அவரு கன்னட ஸ்கூல்ல படிச்சவரு, நான் தமிழு. ஒருத்தர் எழுதினா இன்னொருத்தருக்குப் படிக்கத் தெரியாது. வேற வேற ஷிப்ட்ல இருந்தப்ப இதுலதான் பேசிக்கிட்டோம்."

கடைசிப் புத்தகம் பாதிக்கு மேல் காலி. ஆறு மாதமாக இருவருக்கும் ஒரே ஷிப்டாம். சாப்பிடும்போது ஆளுக்கொரு போன்.

"எதிர்லயே இருக்கறாரு, என்னத்த ஒட்டறது?"

பசை கிண்ட நர்கீஸ் உள்ளே போனதும் அன்வர் குரலைத் தாழ்த்தினார். "மேடம், நாளைக்கு நான் செகண்ட் ஷிப்ட் கேக்கப் போறேன். அவகிட்ட சொல்லிராதீங்க. எனக்கு அந்த புக்கு திரும்ப வேணும்."

தலையாட்டினேன்.

பஸ் ஏற்றிவிட வந்த நர்கீஸ் ஸ்டாப்பில் சொன்னார்: "அக்கா, நாளைக்கு நான் செகண்ட் ஷிப்ட் கேட்டு எழுதிக் குடுக்கப் போறேன். அவருக்குத் தெரிய வேணாம்."

அதற்கும் தலையாட்டினேன். பிறகுதான் உறைத்தது. இருவரும் மாறினால் மறுபடியும் ஒரே ஷிப்ட்! சொன்னால் அன்வருக்குக் கொடுத்த வாக்கு போகும். சொல்லாவிட்டால்? பஸ் வந்துவிட்டது. படியில் ஒரு காலை வைத்தபடி உளறிவிட்டேன்: "அவரும் அதையேதான் கேக்கப் போறாரு!" நர்கீஸின் முகத்தைப் பார்ப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

ஓசூர் வரை ஒரே குழப்பம். சண்டை மூட்டிவிட்டேனா? பேசிக்கொள்வதற்காகப் பிரிந்திருப்பது என்ன கணக்கு?

பத்து நாள் கழித்து நர்கீஸ் போன் செய்தார். "அன்னைக்கு ரெண்டு மணி நேரம் பேசினோங்க்கா. சண்டையும் போட்டோம். அவரு மட்டும் செகண்ட் ஷிப்டுக்கு மாறிட்டாரு. பக்கமெல்லாம் ரொம்பி புக்கு முடியப் போவுது." குரலில் சிரிப்பு இருந்தது, வருத்தமும் இருந்த மாதிரி பட்டது. நான் செய்தது நல்லதா என்று இன்றுவரை தெளிவில்லை.

போகிறவர்களுக்கு: ஞாயிறு மட்டும் போங்கள். கண்டக்டரிடம் ஊர் என்று சொல்லுங்கள். பசை காயும்வரை புத்தகத்தின் மேல் கனமாக ஏதாவது வையுங்கள். தாளை நீளமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் பேச எவ்வளவு இடம் வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.