ஆனிக் கடைசியில் நட்ட கல்

நகராட்சியில் அறிவுச்செல்விக்குக் கொடுத்திருந்த பொறுப்பு ஊரிலுள்ள பூங்காக்கள். கேட்பவர்கள் சிரிப்பார்கள். செடிக்குத் தண்ணி ஊத்தறதுக்கா இஞ்சினியருக்குப் படிச்சே என்று அவளுடைய மாமியாரே கேட்டிருக்கிறார். ஊஞ்சல் சங்கிலியை எவனாவது கழற்றிக்கொண்டு போனாலும், நடைபாதையில் நாய் துரத்தினாலும், உடற்பயிற்சிக் கம்பியில் யாராவது சேலையைக் காயப்போட்டாலும் அவளுக்குத்தான் போன் வரும். எந்தத் தெருவில் பிள்ளைகள் விளையாட இடமில்லாமல் ரோட்டில் நிற்கிறார்கள் என்று பார்த்து, இடம் தேடி, படம் போட்டு, மேலே நடையாய் நடந்து நிதி வாங்குவதும் அவள்தான். அந்த வேலை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வெளியே சொல்லிக்கொள்ளத்தான் கொஞ்சம் கூச்சம்.

நாமக்கல் ரோட்டோரம் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு குடியிருப்பு. மனை பிரித்து விற்றபோது பூங்காவுக்கென்று விட்ட இடத்தில் கருவேல முள் மண்டிக் கிடந்தது. பிள்ளைகள் ரோட்டிலேயே ஆடினார்கள். ஒருநாள் பட்டறையிலிருந்து பின்னால் வந்த லாரி, நிலா என்ற சிறுமியின் காலில் ஏறிவிட்டது.

அவளுடைய அம்மா சௌந்திரம் பட்டறை ஆட்களுக்குச் சோறாக்கிக் கொடுப்பவள். மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நேராக நகராட்சிக்கு வந்தாள். "நான் நஷ்டஈடு கேக்க வரலீங்க மேடம். புள்ளைக ஆடறதுக்கு ஒரு எடம் செஞ்சு குடுங்க, போதும்" என்றாள். அறிவுச்செல்வி செய்து தருகிறேன் என்றாள். வாய்க்கு வந்ததைச் சொல்லி ஆளை அனுப்புகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

நிதியும் வந்தது. முள்ளை வெட்டி இடத்தைச் சுத்தம் செய்தார்கள். ஆனால் டெண்டர் முடிவதற்குள் ஆனி மாதம் முடிந்துகொண்டிருந்தது. ஆடி பிறந்துவிட்டால் ஒரு மாதத்துக்கு எந்த நல்ல காரியத்திலும் கை வைக்க முடியாது. "பூசையை மட்டும் போட்டு வெச்சுக்கலாமுங்க, வேலை அது பாட்டுக்கு நடக்கும்" என்றார்கள் எல்லாரும். அவளும் தலையாட்டிவிட்டாள். வேலை எடுக்க ஆளே இல்லாமல் பூமி பூசை. ஈசானிய மூலையில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, பொட்டு வைத்தது அறிவுச்செல்விதான். மறுநாளே வேலை தொடங்கியிருந்தால் அந்தக் கல் அஸ்திவாரத்துக்குள் போயிருக்கும். பிறகு டெண்டர் எடுத்தவரும் பின்வாங்கினார். மறு டெண்டர் விடுவதற்குள் தேர்தல் அறிவிப்பு வந்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. வெட்டவெளியில் கல் மட்டும் நின்றது.

சௌந்திரம் தினமும் அதற்கு விளக்கு வைத்தாள். யாரும் சொல்லி அல்ல. கட்டு பிரித்த பிறகும் காலை ஊன்ற மாட்டேன் என்று அழுதுகொண்டிருந்த நிலா, ஒரு வெள்ளிக்கிழமை சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தாள். அவ்வளவுதான், தெருவே கல்லுக்கு முன்னால் வந்து நின்றது. மாலை விழுந்தது, எலுமிச்சம்பழம் வந்தது. அந்த மனைகளை விற்ற தனபால் தகரக் கூரை போட்டு, உண்டியல் வைத்து, கோயில் கமிட்டிக்குத் தலைவராகவும் ஆகிவிட்டார். ரோட்டுப் பக்கம் நாலு கடை கட்டி வாடகைக்கு விடுவதுதான் அவருடைய பக்தி.

"ஏனுங் மேடம், தெய்வமாப் பாத்து வந்து குக்கியிருக்குது. நாம எந்திரின்னு சொல்ல முடியுங்களா?" என்றார் சிரித்துக்கொண்டே.

அடுத்து என்ன வரும் என்று அறிவுச்செல்விக்குத் தெரியும். கூரைக்குப் பின் சுவர் வரும், சுவருக்குப் பின் கடை வரும், அப்புறம் அந்த இடத்தை யாராலும் மீட்க முடியாது. வேறு வார்டுகளில் அப்படிப் பறிகொடுத்திருக்கிறாள். கல்லை ஒரு ஓரமாக விட்டுவிட்டுப் பூங்காவைக் கட்டலாமா என்று படத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். தனபாலுக்கு அந்த ஓரம் போதும். இடத்தை எடுத்துக்கொள்வார்.

தேர்தல் முடிந்து வேலையைத் தொடங்க உத்தரவு வந்ததும் ஒரு காலையில் ஆட்களோடு போனாள். ஆட்கள் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவளே சூடம் கொளுத்தினாள். நான் செய்த தப்புக்கு என்னை மட்டும் தண்டி என்று வேண்டிக்கொண்டு கல்லை அசைத்துப் பிடுங்கினாள். சௌந்திரம் விளக்கோடு சற்றுத் தள்ளி நின்றிருந்தாள். சண்டைக்கு வருவாள் என்றுதான் அறிவுச்செல்வி நினைத்தாள். அவளோ திரும்பிப் போய்விட்டாள். கல்லை மோகனூரில் காவிரியில் விட்டார்கள்.

தனபால் ஆள் சேர்த்துக் கத்தினார், மேலிடத்தில் விளக்கம் கேட்டார்கள், வீட்டில் மாமியார் ஒரு வாரம் பேசவில்லை. எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு சித்திரைக்குள் பூங்காவை முடித்துவிட்டாள். ஊஞ்சல், சறுக்கு, மணல் தொட்டி. கால் சரியாக ஊன்ற முடியாத பிள்ளையும் ஏறி உட்காரும்படி, சாய்மானம் வைத்த ஊஞ்சல் ஒன்றைத் தனியாகச் சொல்லிச் செய்யவைத்தாள். அது யாருக்காக என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலமானால் தெருப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். ரோடு காலியாகக் கிடந்தது. பார்க்கப் பார்க்க மனம் நிறைந்திருக்க வேண்டும்.

நிலா வரவில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அறிவுச்செல்வி சௌந்திரம் வீட்டுக்கே போனாள். சௌந்திரம் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கூடத்தில் நிலா டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நிலாவை அனுப்பக் கூடாதுங்களா? அந்தக் கல்லு சாமி இல்லீங்க்கா. பூசைக்கு நான் நட்டு வெச்ச கல்லு. எடுக்காம உட்டது என்னோட தப்பு."

"தெரியுமுங்க" என்றாள் சௌந்திரம். "நீங்க மஞ்ச பூசறப்ப நானுந்தான் பக்கத்துல நின்னனுங்க."

அறிவுச்செல்வி கூடத்தில் இருந்த நிலாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்ககிட்ட எடம் கேட்டனுங்க, கல்லு குடுத்தீங்க. வேற ஒண்ணும் வரலீங்க, அதையே கும்பிட்டேன். எம்புள்ள நடந்தா. அதையும் புடுங்கிட்டுப் போயிட்டீங்க. இப்ப ஊஞ்சல் குடுக்கறீங்க." சௌந்திரத்தின் குரலில் கோபமே இல்லை. "உங்ககிட்ட ஒண்ணு வாங்கறதுக்கே பயமா இருக்குதுங்க மேடம்."