நான் கழுவிய தொட்டி

அந்த மீன்களைக் கொன்றவன் நான். என் தங்கை வள்ளியம்மை அல்ல. நான்!

இத்தனை வருஷம் வாய்க்குள்ளேயே வைத்திருந்ததை இன்று உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரோ, எந்த ஊரோ... முகம் தெரியாதவரிடம் சொல்வது சுலபமாக இருக்கிறது. அதுவும் ஒரு கோழைத்தனம்தானே?

மலாயாவில், லாபிஸ் பக்கத்தில் ஒரு கித்தாத் தோட்டத்தில், ரப்பர்த் தகடு உலர்த்தும் புகைவீட்டில் வேலை பார்ப்பவன் நான். படிப்பு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தோடு சரி. செவ்வாய், வெள்ளி கவிச்சி தொடமாட்டேன். மாரியம்மனுக்கு விளக்கேற்றாமல் ஒரு வாய் தேத்தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன். எல்லாரும் என்னைப் பக்திமான் என்பார்கள். அந்தப் பேர்தான் இத்தனைக்கும் காரணமோ என்று இப்போது நினைக்கிறேன்.

என் மனைவி செல்லம்மாளுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போயின. மூன்றாவது முறை முழுகாமல் இருந்தபோது அம்மன் முன்னால் ஒரு வேண்டுதல் செய்துகொண்டாள். கோயில் குளத்தில் கெண்டை மீன் விட்டு, பிரசவம் ஆகும்வரை பொரி போட்டு வளர்ப்பதாக. அவள் பிறந்த வீட்டுப் பெண்களுக்கு அது பழக்கமாம். ஆனால் எங்கள் தோட்டத்துக் கோயிலில் குளம் ஏது? ஒரு கிணறுதான்.

அந்தச் சமயம் கித்தா விலை விழுந்து, பழைய துரை கப்பலேறப் புறப்பட்டார். அவர் பங்களாவில் இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டி ஒன்று கிடந்தது. ஓர் ஆள் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு பெரிது! கேட்டேன்; கொடுத்துவிட்டார். நாலு பேர் தூக்கி வந்து கோயில் சார்ப்புக்குக் கீழே கல் அடுக்கி வைத்தோம். அம்மனுக்குக் கண்ணாடிக் குளம்! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கெண்டை வாங்க, தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் சீன முதலாளியின் மீன் குட்டைக்குப் போனேன். வள்ளியும் கூட வந்தாள். கட்டியவன் குளிர் காய்ச்சலில் போனதிலிருந்து அவள் எங்களோடுதான் இருந்தாள். பால் எடுக்க மரம் வெட்டப் போவாள். தொட்டியில் நேற்றுத்தான் தண்ணீர் நிரப்பினோம் என்று சொன்னதும் தவுக்கே கையை விரித்துவிட்டார்.

"ஆயிர் பாரு, ஈக்கான் மாத்தி லா!"

புதுத் தண்ணீரில் மீன் செத்துப்போகுமாம். மீன் தரவில்லை. குட்டையின் அடியிலிருந்து கொஞ்சம் கறுப்புச் சேறும் பாசி பிடித்த கற்களும் அள்ளி ஒரு சட்டியில் கொடுத்தார். இதைப் போடு, வாய்க்காலில் பிடித்த மீன் இரண்டை விடு, பொறுத்திரு, தண்ணீர் முதலில் கலங்கும், நாறும், பிறகு தானே அடங்கும், அப்புறம் வா என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் வள்ளிக்குச் சிரிப்பு. "தண்ணிக்கும் வயசு வரணுமாம் அண்ணே! பொண்ணு சமைஞ்சாத்தானே கல்யாணம் பேசுவாங்க, அது மாதிரி!"

அதன் பிறகு எல்லாம் அவள்தான் செய்தாள். வாய்க்காலில் இரண்டு செப்பாட் மீன் பிடித்து விட்டாள். குறைந்த தண்ணீருக்கு ஒரு செம்பு, அதற்குமேல் ஊற்றமாட்டாள். தண்ணீர் பால்போல் கலங்கியது. நாறியது. போகிறவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். பிறகு கண்ணாடியெல்லாம் பாசி ஏறிப் பச்சையாயிற்று. செப்பாட்டுகள் மட்டும் கொழுத்துத் திரிந்தன.

வேண்டுதலுக்கு வெள்ளிக்கிழமை குறித்தோம். அந்த வாரம் பெரிய கங்காணி கோயிலுக்கு வந்தவர், தொட்டியைப் பார்த்துவிட்டு எல்லார் முன்னாலும் கேட்டார்.

"என்னாய்யா பக்திமான், அம்மன் மூஞ்சிக்கு நேரா சாக்கடை வெட்டி வச்சிருக்க?"

சிரித்தார்கள்... ஒருவர் பாக்கியில்லாமல் சிரித்தார்கள்! எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. வாஸ்தவம்தானே? வாசலில் சாணி தெளிக்காமல் கோலம் போடமாட்டோம். குளிக்காமல் பூப் பறிக்கமாட்டோம். அப்படியிருக்க அம்மன் சந்நிதியில் இந்த அழுக்கா? சீனன் குட்டைச் சேறா?

வியாழக்கிழமை பெண்கள் மரம் வெட்டப் போயிருந்த நேரம், புகைவீட்டிலிருந்து நழுவி வந்தேன். செப்பாட்டுகளைக் குடத்தில் விட்டேன். தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டினேன். சேற்றையும் கற்களையும் வாய்க்காலில் எறிந்தேன். குத்துவிளக்கு துலக்குகிற மாதிரி புளியும் சாம்பலும் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தேன். கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, ஒரு சிட்டிகை மஞ்சளும் கரைத்து, செப்பாட்டுகளைத் திரும்ப விட்டேன். தொட்டி பளபளவென்று நின்றது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். கண்ணில் நீர் வந்தது. நம்புங்கள், அது பக்திதான்! இல்லை... கங்காணி பார்க்கவேண்டும் என்ற ஆசையா? இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலை, தவுக்கே கொடுத்த கெண்டைச் சட்டியைச் சுமந்து வந்த வள்ளி தொட்டியைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"அண்ணே... தண்ணி என்னா இவ்ளோ தெளிவா இருக்கு?"

"அம்மன் செயல்" என்றேன்.

என் பொய்யைத் தூக்கி அந்தத் தாயின் தலையிலேயே வைத்தேன்! செல்லம்மாள் பொன்னிறக் கெண்டைகளைத் தன் கையால் விட்டாள். பெண்கள் குலவையிட்டார்கள். கங்காணி, "இப்பதான்யா கோயில் மாதிரி இருக்கு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் கெண்டைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடி, ஒவ்வொன்றாக வயிறு மேலாக மிதந்தன. செப்பாட்டுகள் மட்டும் பிழைத்தன.

தண்ணீர்க் குழாயடியில் பேச்சு கிளம்பியது. "கட்டுக்கழுத்தி செய்ய வேண்டியத தாலியறுத்தவ கையில குடுத்தா வெளங்குமா?" செல்லம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என்னாங்க, எனக்குப் பயமா இருக்குங்க. வள்ளிய கொஞ்ச நாளைக்கு வேற எங்கயாச்சும்..."

வள்ளி கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்தாள். அவள் கை ஆகாத கை என்றால், அதே கை பிடித்து விட்ட செப்பாட்டுகள் ஏன் சாகவில்லை? இந்தக் கேள்வி என் நாக்கு நுனியில் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

கெலாங் பாத்தா பக்கம் அன்னாசித் தோட்டத்தில் சித்தப்பா மகன் வீட்டுக்கு அனுப்பினோம். ரயில் ஏறும்போது அவள் அழவில்லை. "அண்ணிய நல்லாப் பாத்துக்குங்க. பொரிய நிறுத்திடாதீங்க அண்ணே, அந்த ரெண்டு செப்பாட்டுக்காவது போடுங்க" என்றாள்.

பிள்ளை பிறந்தது. பெண். தாயும் சேயும் நலம்! செல்லம்மாள் சொல்கிறாள்: "அந்த மீனுங்கதான் எம் புள்ளையோட கண்டத்த வாங்கிக்கிச்சு." வள்ளியின் கைதான் மீனைக் கொன்றது என்றும் அவளே சொல்கிறாள். இரண்டையும் ஒரே வாயால் சொல்கிறாள். நான் எதை நம்புவது? தொட்டியைக் கழுவியது பாவமா? அல்லது அம்மன் என் கையை வைத்து ஆடிய ஆட்டமா? புதுத் தண்ணீரா, புளியா, மஞ்சளா, தெய்வமா... மீனைக் கொன்றது எது? நினைக்க நினைக்கக் குழம்புகிறது. ஆனால் ஒன்று. என் தங்கையை வீட்டைவிட்டு அனுப்பியதை மட்டும் எந்தத் தெய்வத்தின் மேலும் போட என்னால் முடியவில்லை.

போன தை மாதம் மகளுக்குக் காது குத்தினோம். வள்ளி வந்தாள். கோயில் சார்ப்புக்கு வெளியே, வெயிலில், தொட்டிக்குத் தள்ளி நின்றாள். இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். கங்காணி இருந்தார், அந்தப் பெண்கள் எல்லாரும் இருந்தார்கள். ஒரு வார்த்தை போதும். இராத்திரியெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அவளிடம் நடந்து போனேன்.

"சாப்பிட்டியாம்மா?" என்றேன்.

"ஆச்சுண்ணே." எட்டி நின்றே தொட்டியைப் பார்த்தாள். யாரும் தொடாமல் விட்டதில் பாசி திரும்ப ஏறி, செப்பாட்டுகள் குஞ்சும் குட்டியுமாகப் பெருகியிருந்தன. "நல்லாப் பச்ச புடிச்சிருக்கு. இனிமே கழுவிடாதீங்க அண்ணே."

அவளுக்குத் தெரியுமா? அந்த வெள்ளிக்கிழமையே தெரியுமா? தெரிந்தா ரயில் ஏறினாள்? சாயங்கால வண்டிக்கே போய்விட்டாள்.

போன வெள்ளிக்கிழமை மகள் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவினாள். செல்லம்மாள் பதறிப்போய் இழுத்தாள். "கைய விடாத! ஒங்க அத்த கை பட்டுத்தான் அன்னிக்கி அத்தன மீனும் செத்துச்சு!"

பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தது. "அப்படியாப்பா?"

நான் பொரியை அள்ளி அவள் கையில் வைத்தேன்.

"போடும்மா" என்றேன்.