வண்டி நிற்கும்வரை

தூங்குவதுபோல் நடிக்கும் பயணியை அவர் தொட்டு எழுப்பமாட்டார். காதருகே குனிந்து, “இறங்குற இடம் வந்துடுச்சு” என்பார், பெற்ற பிள்ளையிடம் சொல்வதுபோல. ஆள் துள்ளி எழுந்து பையைத் தேடுவான். “நடிக்கிறவன எழுப்ப முடியாதுன்னு சும்மா சொல்லி வச்சிருக்காங்க” என்றபடி டிக்கெட்டுக்குக் கை நீட்டுவார்.

காலை ரயிலில் பாதிப் பேருக்கு இந்தப் பரிசோதகர் ‘அத்தை’. ஐம்பதை நெருங்கும் வயது, கனத்த உடம்பு, ஓடும் வண்டியிலும் கம்பியைப் பிடிக்காத நடை. டிக்கெட் எடுக்காத இளைஞர்களெல்லாம் அவருக்கு மருமகன்கள். “அபராதம் கட்டிடு மருமகனே, இல்லன்னா மாமியார் வீட்டுல விருந்துதான்” என்பார். பெட்டியே சிரிக்கும், மருமகனும் சிரித்துக்கொண்டே கட்டிவிடுவான்.

அந்தப் பேச்சு நின்று ஒரு வருடத்துக்கு மேலாகிறது. வலப்பக்கம் மெல்ல முடிவதில்லை. ரொட்டியைத் தேநீரில் நனைத்து இடப்பக்கம் ஒதுக்குகிறார். ஏன் அத்தை முன்போலப் பேசுவதில்லை என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: “பல்லு போனா சொல்லு போச்சு.”

பல்லைப் போக்கியவன் மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தான். முதல் வகுப்பில் டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்திருந்தான். கட்டுகிறேன், கட்டுகிறேன் என்று இழுத்தடித்து, கடைசி நிலையத்தில் வண்டி நின்றதும் இறங்கி நடந்தான். அத்தை பின்னாலேயே இறங்கி, “தம்பி, கட்டிட்டுப் போ” என்றார். திரும்பிய வேகத்தில் கையிலிருந்த இரும்புத் தண்ணீர்க் குப்பியை அவர் முகத்தில் வீசி அடித்தான். இரண்டு பல், ஒரு கன்ன எலும்பு. சுற்றி நின்றவர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். வாசலில் இருந்த காவலர்தான் அவனைப் பிடித்தார்.

பணியில் இருக்கும் ரயில் ஊழியரைத் தாக்கினால் சிறை என்று சட்டம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் பழக்கூடையோடு வந்த பையனின் பெற்றோருக்கும் அது தெரியும். அவர்களை அழைத்து வந்தவர் அத்தையின் மேலதிகாரி. வாழவேண்டிய பிள்ளை, புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டால் புண்ணியமாகப் போகும் என்றார். தையற்காரரான அத்தையின் கணவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். “அவ முகத்தப் பாத்து இதச் சொல்லுங்க சார்” என்றார். அதிகாரி கூடையைக் கட்டிலின் கீழே தள்ளிவிட்டுப் போனார்.

நீதிமன்றத்தில் பையனின் வக்கீல் அடித்ததை மறுக்கவே இல்லை. அடிபட்ட நேரத்தில் அந்த அம்மாள் பணியில் இருந்தாரா என்று மட்டும் கேட்டார். பதில் சொல்லக் கூண்டேறியவர் அதே மேலதிகாரி. வண்டி கடைசி நிலையத்தில் நின்றதும் பரிசோதகரின் பணி முடிந்துவிடுகிறது என்றார். பணியில் பட்ட காயம் என்றால் வைத்தியச் செலவை நிர்வாகம் ஏற்க வேண்டும். அதனால் பணியில் இல்லை என்று அவர்கள் ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தார்கள். வக்கீலுக்கு வேலை மிச்சம்.

வெளியே வராந்தாவில் அத்தை மேலதிகாரியை மறித்தார்.

“பணியில இல்லன்னா நான் எதுக்கு சார் அவன் பின்னால போனேன்? அவன் எங்க வீட்டுக் கடனா பாக்கி வச்சிருந்தான்?”

“மேல இருந்து சொன்னாங்கம்மா. நானும் புள்ளகுட்டிக்காரன்.”

பொது இடத்தில் நடந்த சாதாரணக் கைகலப்பு என்று வழக்கு முடிந்தது. பையன் அபராதம் கட்டினான். அன்றைக்கு வண்டியில் கட்ட மறுத்ததைவிடக் கொஞ்சம் கூட. கட்டிவிட்டுப் படியிறங்கும்போது அவன் அம்மா அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

அத்தை அதே வண்டிக்குத் திரும்பினார். அபராதம் வசூலிப்பதில் இன்றைக்கும் அவர்தான் முன்னால். ஆனால் கடைசி நிலையம் நெருங்க நெருங்க அவர் கண் ஜன்னலுக்குப் போய்விடுகிறது.

போன வாரம் ஒருவன் மாட்டினான். பர்ஸை மறந்துவிட்டதாகச் சொன்னான். பிறகு குரலை உயர்த்தினான். பயணிகள் பைகளோடு எழுந்து வாசலில் நெருக்கினார்கள். அவனும் கதவைப் பார்த்தான். கடைசி நிலையத்துப் பிளாட்பாரத்தின் விளிம்பு ஜன்னலில் நகர ஆரம்பித்தது. அத்தை ரசீதுப் புத்தகத்தை மூடினார். மார்பில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டார். பிறகு சுவரோடு ஒதுங்கி, அவனுக்கு வழிவிட்டார்.