ஒன்பது நாற்பதுக்கு அழைக்கப்பட்ட தாய்மாமன்

பாப்பாவின் காதுகுத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, கிளாவரையிலிருந்து என் மச்சான் போன் செய்தார். என் மனைவியின் அண்ணன், பூண்டு விவசாயி. எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

"மாப்ளே, ஜீப்புக்காரருக்கு ஒம்பது பத்து. எனக்கு ஒம்பது நாப்பது. தாய்மாமனுக்கு முன்னாடி ஜீப்பா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "பத்திரிகை நல்லாருக்கா மச்சான்?" என்றேன்.

"அது எங்க தொறக்குது? வட்டம் சுத்திக்கிட்டே கெடக்கு. வெவரம் மட்டும் பளிச்சுனு தெரியுது. சேர்த்தவர் நீங்க, சேர்த்த நேரம் ஒம்பது நாப்பது. நான் வரல." வைத்துவிட்டார்.

தப்பு என்னுடையதுதான். கொடைக்கானலில் ஒரு விடுதியின் வரவேற்பில் எனக்கு வேலை. அங்கே விருந்தினரின் அடையாள அட்டையைக் கணினிக் காலண்டரில் இணைத்தால், அதோடு பிணைத்திருக்கும் வேலைப்பட்டியல் ஆப்பிலும் அது போய் உட்கார்ந்துகொள்ளும். இதைத் தினமும் செய்து செய்து எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். வீட்டு விசேஷத்தையும் அப்படியே நடத்திவிடலாம் என்று சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும், ஆட்களை ஏற்றிவர வேண்டிய ஜீப்புக்காரருக்கும் காலண்டரில் ஒரு குறிப்பு போட்டு, பத்திரிகையை இணைத்தேன். மச்சான் போனிலும் அந்த ஆப் உண்டு, யாருக்கு எப்போது சேர்த்தது என்பது அதில் வரிசையாகத் தெரியும். முறை தெரியாதவனல்ல நான். முதலில் மச்சானுக்குத்தான் இணைத்தேன்.

இணைத்து முடித்ததும் மனைவி எட்டிப் பார்த்தாள். "எங்கண்ணன் பேரு இம்புட்டுக்காண்டா?" என்றாள். உடனே பத்திரிகையில் அவர் பெயரைப் பெரிதாக்கி, பழையதை எடுத்துவிட்டு அவருக்கு மட்டும் புதியதை வைத்தேன். காலண்டர் பழைய நேரத்தையே வைத்துக்கொண்டது. வேலைப்பட்டியல் ஆப்போ, இது புதுப் பைல் என்று அவரைக் கடைசிக்குத் தள்ளிவிட்டது. மரியாதை செய்யப் போய் அவரை ஜீப்புக்குப் பின்னால் நிறுத்திவிட்டேன்.

இதை மனைவியிடம் விளக்கினேன். அவள் முழுதாகக் கேட்டுவிட்டு, "எங்கண்ணன் மடியில உக்காராம எம்புள்ளைக்குக் காது குத்த முடியாது. உங்க ஆப்பு மடியிலயா உக்கார வைக்கப் போறீக?" என்றாள். எனக்குப் பயமாகிவிட்டது. விளையாட்டாகச் செய்த காரியத்தால் அண்ணன் தங்கை பேச்சு நின்றுவிடுமோ என்று.

மறுநாள் வெள்ளனே பஸ் ஏறினேன். கையில் வெற்றிலை பாக்கு, பழத்தட்டு. பழத்துக்கு அடியில், காலண்டரின் இணைப்பு விவரங்களை அச்செடுத்த இரண்டு தாள். அந்தத் தட்டில் அப்படி ஒன்றை வைத்துக் கொண்டுபோன முதல் மாப்பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.

மச்சான் பூண்டுக் காட்டில் நின்றார். கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

"எனக்கு எட்டு அம்பத்தஞ்சு."

"ஆமா மச்சான். மொத ஆளு நீங்கதான்."

"ஜீப்பு?"

"ஒம்பது பத்து."

முகம் லேசாகத் தெளிந்தது. பிறகு மறுபடி சுருங்கியது. "மொதப் பத்திரிகை சாமிக்குல்ல வைக்கணும்? சாமி பேரைக் காணமே?"

"சாமிகிட்ட ஆப் இல்ல மச்சான். நேர்லதான் வச்சேன்."

அவர் சிரித்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி. தட்டை வாங்கிக்கொண்டவர், தாளை மட்டும் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வைத்துக்கொண்டே, "எல்லாஞ் சரி. எங்க பாத்தாலும் சேர்த்தவர்னு உங்க பேரே கெடக்கே. எம்பேரு எப்ப வரும்?" என்றார்.

பழனி அடிவாரத்தில் காதுகுத்து நன்றாக நடந்தது. பாப்பா மச்சான் மடியில் உட்கார்ந்து ஊரே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். நல்ல கேமரா போன் என்னிடம் இருந்தும் நான் அதை வெளியில் எடுக்கவில்லை. பாப்பாவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகையில் தன் போனை நீட்டி மச்சானே எல்லாப் படத்தையும் எடுத்தார். அடிவாரத்தில் சிக்னல் இருந்ததால், காலண்டரிலும் அவரே இணைத்தார்.

பாதிப் படத்தில் அவர் கட்டைவிரல். காது குத்துகிற அந்தப் படத்தில் பாப்பாவின் காது இல்லை, மச்சானின் மீசை மட்டும் இருக்கிறது. ஆனால் விவரத்தைத் திறந்தால், சேர்த்தவர் என்ற இடத்தில் எல்லாப் படத்துக்கும் தாய்மாமன் பெயர்தான்.