நம்பர் மாற்றாத ரோஸ்லெட் அக்கா

ரப்பர் தளிர்த்துத் தேன் வடிகிற மாதத்தில் தேனீக்காரனுக்கு உட்கார நேரம் கிடையாது. புனலூருக்கு அந்தப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் தேன் எடுத்துக்கொண்டு நின்றபோது போன் அடித்தது. கையெல்லாம் பிசுக்கு. அடிக்கட்டும் என்று விட்டேன். மறுபடியும் அடித்தது. எரிச்சலோடு முழங்கையால் தட்டி எடுத்தால், பக்கத்து எஸ்டேட் வாட்ச்மேன். “அக்கா போயி சேட்டா” என்றார். காலையில் பெட்டி பார்க்கப் போன ரோஸ்லெட் அக்கா, நெஞ்சு அடைக்கிறது என்று மரத்தடியில் உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது அவருடைய அடுப்பில் சோறு பாதி வெந்த நிலையில் இருந்தது. தேனீக்கள் பாட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தன. அவற்றின்மேல்கூட எனக்குக் கோபம் வந்தது.

மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீக்காரர்களில் அக்காவைத் தெரியாதவர் கிடையாது. அவருடைய கணவர் செல்வராஜ் அண்ணன் இறந்தபோது, பெட்டிகளை விற்றுவிட்டு வீட்டோடு இருப்பார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அக்கா நேராக டிரைவிங் ஸ்கூலுக்குப் போனார். லைசென்ஸ் எடுத்தார். அண்ணனின் குட்டியானை வண்டியின் பின்னால் தார்ப்பாய் கட்டி, அதற்குள் ஒரு பாயும் ஸ்டவ்வும் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். கொல்லம், பத்தனம்திட்டை, மழைக்கு முன்னால் தென்காசிப் பக்கம் என்று பூ இருக்கிற இடமெல்லாம் அவருக்கு ஊர். நானும் அதே பாதையில் என் பெட்டிகளோடு அலைகிறவன் என்பதால், வருஷத்தில் பாதி நாள் எங்கள் வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கும்.

மகன் ஜெபின் துபாயில் வேலை செய்கிறான். ஊரில் நல்ல வீடு கட்டினான். அம்மைக்கென்று கீழேயே ஓர் அறை, ஏசியோடு. பால்காய்ச்சுக்குப் போன அக்கா நாலு நாள்தான் இருந்தார். “ரூமு நல்ல ரூமு தான் மக்கா. கட்டிலு, பேனு, எல்லாம் உண்டு. எனக்கு அதுல செய்யதுக்கு ஒண்ணும் இல்ல, கேட்டியா” என்றார் என்னிடம். ஜெபினுக்கு அது செருப்பால் அடித்ததுபோல் ஆகிவிட்டது. மகன் மாளிகை கட்டியிருக்கிறான், அம்மை ரோட்டில் தார்ப்பாய்க்குள் படுக்கிறாள் என்று ஊர் பேசும் அல்லவா? அதைவிடப் பழைய கணக்கு ஒன்றும் அவனுக்கு இருந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த காலமெல்லாம் அவனை அத்தை வீட்டில் விட்டுவிட்டுத்தான் அம்மையும் அப்பாவும் பெட்டிகளோடு போனார்கள். “சின்னதுல விட்டுட்டுப் போனா. இப்பவும் விட்டுட்டுத்தான் போறா” என்றானாம் மனைவி ஷைனியிடம். அன்றோடு பேச்சு நின்றது. ரெண்டு பேருக்கும் வீம்பு. அம்மைக்கு ஒரு பங்கு கூடுதல்.

நின்ற பேச்சில் ஒரே ஒரு கண்ணி மட்டும் அறாமல் இருந்தது. அக்காவின் ஆதார், பேங்க், வண்டி இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாவற்றிலும் ஜெபினின் பழைய ஊர் நம்பர்தான் இருந்தது. இந்தக் காலத்தில் எந்தக் காகிதத்தைத் தொட்டாலும் ஓடிபி வரும். அக்கா புனலூரில் போனைத் தட்டினால் துபாயில் அவனுக்கு மணி அடிக்கும். உடனே அவன் கூப்பிடுவான், எண்ணைச் சொல்வான். வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் போதாதா என்று ஆரம்பத்தில் கேட்டானாம். “எனக்குக் கண்ணு பிடிக்கல்ல மோனே, வாயால பறஞ்சாத்தான் ஆவும்” என்று சொல்லிவிட்டார். பெட்டி நிறைய மொய்க்கிற தேனீக்கு நடுவில் ராணியைக் கண்ணாடி போடாமல் கண்டுபிடிக்கிறவர் சொன்ன சொல் இது.

களியக்காவிளை சோதனைச்சாவடியில் நடந்ததை நான் மறக்கமாட்டேன். அந்தியில் ஈயெல்லாம் கூடு சேர்ந்த பிறகு பெட்டி வாசலை அடைத்து, விடியுமுன் போய் இறக்கிவிட வேண்டும். அதுதான் நம் முறை. அன்றைக்கு அக்காவின் வண்டியில் நானும் இருந்தேன். வழியில் டயர் போய், சாவடிக்கு வரும்போது வெயில் ஏறிவிட்டது. அடைத்த பெட்டிக்குள் ஈ வெந்து செத்துவிடும். போலீஸ்காரர் இன்சூரன்ஸ் காகிதம் கேட்டார். அசல் எல்லாம் வீட்டு அலமாரியில். போனில் காட்டலாம் என்றால் ஓடிபி. சொல்லி வைத்தாற்போல் ஜெபின் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் குரல்.

“அம்மா, எழுதிக்கோ. நாலு, ஏழு…”

“நில்லு மோனே. நீ சாப்பிட்டியா?”

“டைம் போவுதும்மா.”

“முதுகு வலி மாறிச்சா? தைலம் கொடுத்துவிட்டேனே, தேய்ச்சியா?”

“அக்கா! பெட்டிக்குள்ள ஈ சாவுது!” என்று நான் கத்தினேன்.

“சும்மா கிடலே. பிள்ளைக்கிட்டப் பேசியது காணல்லியா?”

ஓடிபி காலாவதியாகிவிட்டது. இன்னொன்று கேட்டு, அவன் மறுபடியும் கூப்பிட்டு, மறுபடியும் முதுகு வலியில் போய் நின்றது பேச்சு. போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு, “நீங்க போங்கம்மா” என்று கையைக் காட்டிவிட்டார். எனக்கு வாயில் வராத வசவெல்லாம் வந்தது. அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரித்த முகத்தோடு சொன்னார்: “இன்னைக்கு ரெண்டு மட்டம் கூப்பிட்டான் மக்கா.”

அந்த வாரமே அவரைப் பிடித்து இழுக்காத குறையாக மார்த்தாண்டத்தில் இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போனேன். நம்பரை அவருடைய சொந்த நம்பராக மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. டோக்கன் எடுத்து, புழுக்கத்தில் உட்கார்ந்து, கடைசியில் எங்களைக் கூப்பிட்டபோது அக்கா எழுந்தார். கவுண்டருக்குப் போகவில்லை. வெளியே போய்விட்டார். பின்னாலேயே ஓடி, என்ன அக்கா விளையாட்டு இது என்று சத்தம் போட்டேன். சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நம்பரை மாத்தினா அவன் என்னத்துக்கு மக்கா என்னைக் கூப்பிடுவான்?”

ரெண்டு பேரும் டீ குடித்துவிட்டு வண்டியேறினோம். பிறகு கவனித்துப் பார்த்தால், அக்கா வேலை இல்லாத வேலைக்கெல்லாம் போனைத் தட்டிக்கொண்டிருப்பார். ஆதார் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்ப்பார். எங்கே போய்விடும் அது?

ரோட்டில் கிடந்தாலும் வீட்டை விட்டுக்கொடுத்தவர் இல்லை. வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க ஊரில் வீடு வீடாக வந்தபோது, ஷைனி வெகுளியாக “மாமி இஞ்ச இல்ல, தேனீயோட போயிருக்கு” என்று சொல்லிவிட்டாள். பிறகு, பெயரை நீக்கிவிடுவார்களோ என்று பயந்துபோய் அக்காவுக்கும் சொன்னாள். நல்ல தேன் வரத்து நேரம். அக்கா பெட்டிகளை என் தலையில் கட்டிவிட்டு, குளிக்காமல்கூட வண்டியை எடுத்தார். ஊர் போய்ச் சேர்வதற்குள் சரிபார்க்கிறவர் அடுத்த தெருவுக்குப் போயிருந்தார். துரத்திப் பிடித்து, கையோடு வீட்டு வாசலுக்கு அழைத்து வந்து நிறுத்தினாராம். “பாத்துக்கிடுங்க சாரே. இது எனக்க மோனுக்க வீடு. நான் இஞ்ச உள்ளவதான். சோலிக்குப் போயிட்டு வருவேன், அவ்வளவுதான்.” ஷைனி இதைச் சொல்லிச் சிரித்தாள். இந்த வீறாப்பை மகனிடம் நேரில் காட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

சாவுக்கு ஒரு வாரம் முன்னால் என் எஸ்டேட்டுக்கு வந்திருந்தார். மீன் கறி வைத்திருந்தேன். கையில் தட்டு, கண் போனில். ஒரு வாய் தின்பதும், எழுந்து நடப்பதும், மறுபடி உட்காருவதுமாக இருந்தார். இருக்கவே முடியவில்லை அவருக்கு.

“தாசு, ஓடிபி ஒண்ணும் இல்லாமலே நான் அவனுக்குப் போன் செய்யட்டா?”

“செய்யுங்க அக்கா. இப்பவே செய்யுங்க.”

“என்னத்தப் பறஞ்சு கூப்பிட?”

“பெத்த பிள்ளையக் கூப்பிடதுக்கு என்னத்தப் பறையணும்?”

எண்ணைத் திரையில் கொண்டுவந்தார். வெகுநேரம் பார்த்தார். “அவன் வேலையில நிப்பான். ராத்திரி செய்யேன்” என்று பைக்குள் போட்டுக்கொண்டார். அந்த ராத்திரி செய்யவில்லை. அதற்குப் பிறகும் செய்யவில்லை. எனக்கு அது நிச்சயமாகத் தெரியும்.

ஜெபின் அடித்துப் பிடித்து வந்து சேர்ந்தான். கேரளத்து ஆஸ்பத்திரிக் காகிதம், எல்லை தாண்டிக் கொண்டுவருகிற காகிதம் எல்லாவற்றையும் அவனே செய்து முடித்தான். சபைக் கல்லறைத் தோட்டத்தில் அண்ணனுக்குப் பக்கத்திலேயே அக்காவை வைத்தோம். எல்லாரும் கலைந்த பிறகு அவன் என் வண்டிப் பக்கம் வந்து நின்றான்.

“அண்ணே, அம்மை எதுக்கு நம்பரை மாத்தல்ல? எத்தன மட்டம் பறஞ்சேன்.”

மறைத்து வைத்து யாருக்கு என்ன லாபம்? இ-சேவை மையத்து வாசலில் அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். அவன் வண்டியின் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டான்.

“வீம்புக்குத்தான் மாத்தச் சொன்னேன் அண்ணே. அந்தச் சிம்மு எனக்கு வேற ஒண்ணுக்கும் உதவாது. ஊர்ல உள்ளவங்க எல்லாம் என்னைத் துபாய் நம்பர்லதான் கூப்பிடுவாங்க. அம்மைக்க ஓடிபி வாறதுக்குன்னுதான் அதுக்கு ரீசார்ஜ் செய்துட்டே இருந்தேன். அது நின்னா, நான் எப்பிடி அம்மையக் கூப்பிட?”

எனக்கு ரெண்டு பேரையும் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. ஒருவரை மண்ணுக்குள் வைத்தாகிவிட்டது. இன்னொருவன் அங்கேயே நின்று தேம்பித் தேம்பி அழுதான். நானும் அழுதேன். வெட்கப்பட என்ன இருக்கிறது?

பெட்டிகளை விற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஜெபின் துபாய்க்குப் போய்விட்டான். அக்காவின் பெட்டிகளும் இப்போது என் பெட்டிகளோடு அலைகின்றன. இங்கே பூ முடிகிறது, நாளைக்கு இடம் மாற்ற வேண்டும். இதை எழுதுவதற்குள் நான் நாலு தடவை எழுந்து போய்ப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

லீவு நாட்களில் ஜெபின் என்னைக் கூப்பிடுகிறான். “அண்ணே, பெட்டி எங்க நிக்குது? மழை உண்டா? சாப்பிட்டியளா?” அவ்வளவுதான் கேட்பான். சொல்வதற்கு அவனிடம் எண் ஒன்றும் இல்லை. முதல் தடவை எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது, ஏலே, இந்த ஒரு போனைத்தானே உன் அம்மை கேட்டாள் என்று. விழுங்கிக்கொண்டேன்.

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த அழைப்புதான். அதனால் வண்டியில் போய்க்கொண்டிருந்தால் ஓரங்கட்டுகிறேன். தேன் எடுத்துக்கொண்டிருந்தால் கையைக் கழுவிவிட்டு எடுக்கிறேன். பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன், மழையைப் பற்றிச் சொல்கிறேன், என்ன கறி வைத்தேன் என்பது வரைக்கும் சொல்கிறேன். அவனாக வைக்கிற வரைக்கும் நான் வைப்பதில்லை. அக்காவுக்கு வரவேண்டியிருந்த போன் அது.