பலகைக்கு அந்தப் பக்கம்

நான் இப்போது படிப்பிக்கும் வத்தேகமப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் முடிந்து ஈரத்துணியால் கரும்பலகையைத் துடைக்கும்போதெல்லாம், அந்த வெண்கட்டி வாசனை என்னை நான் படித்த தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கே கூட்டிப்போய்விடுகிறது. தகரக் கூரை போட்ட ஒரே மண்டபம், உள்ளே சுவர் கிடையாது, ஒன்றாம் வகுப்புக்கும் மூன்றாம் வகுப்புக்கும் நடுவே ஒரு கரும்பலகைதான், அதற்கு அந்தப் பக்கம் என் அக்கா. பனிமூட்டம் உள்ளே புகுந்து பலகையின் கால்களை மறைக்கும் காலைகளில், வாய்ப்பாடு சொல்லும் அத்தனை குரல்களுக்குள்ளும் அக்காவின் கரகரத்த குரலைத் தேடிப் பிடித்துக்கொள்வேன். அது கேட்டுக்கொண்டிருக்கும்வரை எனக்கு அழுகை வராது.

ஒருநாள் டீச்சர் என்னிடம், "மூணும் நாலும் எத்தன?" என்று கேட்டபோது, அந்தப் பக்கம் "மூநான்கு பன்னிரண்டு" என்று ராகம் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"பன்னெண்டு" என்றேன்.

டீச்சர் சிரித்துவிட்டார். "அது ஒங்க அக்காவோட கணக்கு. ஒன் கணக்கச் சொல்லு புள்ள."

அந்த மண்டபம் இப்போது இல்லை. அக்காவும் இல்லை. இன்று அதே கேள்வியை நான் கேட்டால், "ஏழு டீச்சர்" என்று பிள்ளைகள் சரியாகவே சொல்கிறார்கள். "கெட்டிக்காரப் புள்ளைங்க" என்று சொல்லிவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் காதைக் கொடுத்தபடி சற்று நேரம் நிற்கிறேன்.